புறங்கையில் இருந்த தசை

எழுபதுகளில் ஆரணியில் டாக்டராக இருந்தபோது, பட்டுத்தறிகளில் நீளவாக்கில் ஓடும் பாவு இழைகளைப் பிரித்துச் சேர்க்கும் பெண்மணி ஒருவர் என்னிடம் வந்தார். ஒடிசலான உடம்பு. பேசும்போதுகூட வலது ஆள்காட்டி விரலை மட்டும் தனியாகத் தூக்கித் தாழ்த்திக்கொண்டே இருப்பார்.

அந்த வலது புறங்கையில் சின்ன வீக்கம். வேலை செய்தால் வலித்தது. கட்டி என்று நினைத்து அறுத்து எடுத்தேன். எடுத்த பிறகுதான் அது தசை என்று தெரிந்தது. அபூர்வமாகச் சிலருக்கு அங்கே அப்படியொரு சிறு தசை இருப்பதுண்டு.

தையல் பிரித்த பிறகு அந்த விரல் தனியாக எழவில்லை. உண்மையைச் சொன்னேன்.

"அது கட்டி இல்லம்மா, தசை. எல்லாருக்கும் இருக்காது. உங்க விரலைத் தூக்கினதே அதுதான். தெரியாம எடுத்துட்டேன்."

அவர் கத்தவில்லை. "இந்த வெரலாலதாங்க இழை பிரிச்சிகினு இருந்தேன்," என்றார். பிறகு இடது கையை மேசைமேல் நீட்டினார்.

"இதுலயும் இருக்குதா பாருங்க."

தொட்டுப் பார்த்தேன். இருந்தது.

"அப்போ இத யாரும் வெட்டக் கூடாதுன்னு ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க டாக்டர். கீழ உங்க கையெழுத்தும் போடுங்க."

போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர் என்னை மன்னித்தாரா, தண்டித்தாரா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.