பிளேனில் வந்த உப்பு

தீவிலுள்ள எங்கள் ஊரான கரம்பொனில், உறவுக்குள் யாருக்காவது வெளிநாட்டுப் பார்சல் வந்தால், பிரிப்பதற்கு என்னைக் கூப்பிடுவார்கள். நான் அரசாங்க வைத்தியசாலையொன்றில் மருந்தாளர். பார்சலில் வரும் மருந்துக் குளிசைகளை மூன்றாகப் பிரிப்பேன்: பாவிக்கலாம், பாவிக்கக் கூடாது, டொக்டரைக் கேட்க வேண்டும். சாப்பாட்டுச் சாமான்கள் என் பட்டியலில் இல்லை. அவை நேரே குசினிக்குப் போகும்.

பெரியம்மாவுக்குப் பிரஷரும் சீனி வருத்தமும் இருந்தன. சிறுநீரகமும் கொஞ்சம் பழுதுபட்டிருந்தது. கிளினிக்கில் எனலாப்ரில் கொடுத்திருந்தார்கள். பெயர் ‘பிரில்’ என்று முடியும் மருந்துகள் எல்லாம் ஒரே வகை. இரத்தக் குழாய்களை இறுக்கும் ஒரு பொருள் உடம்பில் உருவாவதைக் குறைத்து, அவற்றைத் தளர வைக்கும். நல்ல மருந்துகள். மருந்து கொடுக்கும் யன்னலில் நின்று அவற்றைப் பற்றி நான் சொல்வது எனக்கு மனப்பாடம். வறட்டு இருமல் தொடர்ந்தால் வந்து சொல்லுங்கள். உதடோ நாக்கோ முகமோ வீங்கினால் உடனே ஆஸ்பத்திரி. கர்ப்பம் தரித்தால் இது கூடாது. மூட்டு நோவுக்குக் கேட்காமல் கடையில் குளிசை வாங்கிப் போடாதீர்கள். கடைசியாகப் பொட்டாசியம். இந்த மருந்து அதை உடம்பில் தேக்கி வைக்கும். அளவுக்கு மிஞ்சினால் இதயத் துடிப்பே குழம்பும்.

உப்பைக் குறைக்கச் சொல்லிப் பெரியம்மாவை நச்சரித்தது நான்தான். அதைக் கேள்விப்பட்டு, கனடாவிலிருக்கும் அவருடைய மகன், எனக்கு அண்ணை, சோடியம் குறைந்த உப்பு நாலு பைக்கற் அனுப்பினார். அண்ணையின் அந்தப் பார்சலையும் நான்தான் பிரித்தேன். பைக்கற்றின் முன்பக்கத்தை வாசித்துச் சந்தோஷப்பட்டேன். குசினிக்கும் நானே கொண்டுபோய் வைத்தேன்.

“சுத்திவரக் கடல். எங்களுக்கு உப்பு பிளேனிலை வருகுது,” என்றார் பெரியம்மா.

அடுத்த கிழமை சொன்னார்: “கைக்குது பிள்ளை. இதை உப்பெண்டு ஆர் சொன்னது?”

“பழகிடும் பெரியம்மா. பழைய உப்பைத் தொடக்கூடாது.”

“ஓம், ஓம். நீ சொன்னாச் சட்டம்தானே.”

அந்தக் கசப்பைச் சரிக்கட்ட அவர் இன்னும் கொஞ்சம் அள்ளிப் போட்டிருக்கிறார். அது பிறகுதான் தெரிந்தது.

ஒரு மாதம் போனதும், கால் சோர்கிறது, பஸ்ஸில் ஏற ஏலாமல் கிடக்கிறது என்றார். வெயில் என்று நினைத்து இளநீர் குடிக்கச் சொன்னேன். இளநீரிலும் பொட்டாசியம் நிறைய இருக்கிறது. எனக்குத் தெரியாத விஷயமல்ல.

கிளினிக் நாளில் டொக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்தார். உடனே ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னார். அந்தத் தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “வீட்டிலை புதுசா ஏதும் சாப்பிடுறீங்களோ?”

“ஒண்டுமில்லை. உப்புத்தான் மாத்தினது,” என்றார் பெரியம்மா.

பக்கத்தில் நின்ற எனக்கு அப்போதுதான் உறைத்தது.

டொக்டர் உடனே யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். அம்புலன்ஸ் அல்லைப்பிட்டியைத் தாண்டும்போது வீட்டுக்குப் போன் எடுத்து, பைக்கற்றின் பின்பக்கத்தைப் படம்பிடித்து அனுப்பச் சொன்னேன். பொட்டாசியம் குளோரைட் என்றிருந்தது. சிறுநீரக வருத்தம் உள்ளவர்களும் சில பிரஷர் மருந்துகள் எடுப்பவர்களும் வைத்தியரைக் கேட்டுப் பாவிக்கவும் என்று கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி. என் மடியில் தலை வைத்திருந்த பெரியம்மா, “ஏன் பிள்ளை, ஏதும் பயமோ?” என்றார். இல்லை என்றேன்.

யாழ்ப்பாணத்தில் ஊசி ஏற்றி, இதயத்தைக் கண்காணித்து, ஆளைத் தப்ப வைத்தார்கள். மருந்தை மாற்றினார்கள்.

அண்ணை போனில் அழுதார். “நான்தான் அம்மாவைக் கொல்லப் பாத்தனான்.”

“அப்பிடிச் சொல்லாதேங்கோ அண்ணை,” என்றேன். அதைக் குசினியில் வைத்தது நான் என்று சொல்லவில்லை. வார்ட்டுக்கு வந்த சொந்தக்காரர்களும் வெளிநாட்டுச் சாமானைத்தான் திட்டினார்கள். மூன்று நாள் கேட்டுக்கொண்டு இருந்தேன்.

நாலாம் நாள் நானே அண்ணைக்குப் போன் எடுத்தேன். “அண்ணை, அதை நான் பாத்துத்தான் குசினியிலை வைச்சனான். பின்பக்கம் பாக்கேல்லை. கைக்குதெண்டு பெரியம்மா சொல்லியும் கேக்கேல்லை.”

அவர் கேட்டது ஒன்றுதான்.

“அம்மாக்குத் தெரியுமோ?”

“இல்லை.”

“சொல்லாதை. நீயும் இல்லையெண்டா அவ அங்கை ஆரை நம்புறது?”

ஓம் என்றேன். பெரியம்மா இன்றைக்கும் நான் நீட்டும் குளிசையை, என்னவென்று கேட்காமல் வாங்கி விழுங்குகிறார்.