பச்சை உடம்புக்குச் சமைத்த நாட்கள்

விடிவதற்கு முன்பே வேன் வந்து என் மனைவியை ஏற்றிக்கொண்டு போய்விடும். படப்பைக்கு அப்பால் ஒரு கம்பெனியில் அவளுக்கு பேக்கிங் வேலை. உள்ளே நுழையும்போதே செல்போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். சாயங்காலம் வெளியே வரும்போதுதான் திருப்பிக் கொடுப்பார்கள். அதனால் வேன் முடிச்சூர் ரோட்டில் திரும்பிவிட்டால், சமையலில் ஒரு சந்தேகம் என்றாலும் கேட்க எனக்கு ஆள் கிடையாது.

நான் வேலையை எழுதிக்கொடுத்துவிட்டு வந்தவன். இரும்பு உருக்கும் பட்டறையில் உலைக்குப் பக்கத்தில் நிற்கும் வேலை. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அதுவே பெரிது. முதுகு போன பிறகு, விருப்பம் உள்ளவர்கள் முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொள்ளலாம் என்று பட்டறையில் சொன்னார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கே மனைவி சொல்லிவிட்டாள்.

"நீ வூட்ல இரு. நான் வேலைக்குப் போறேன். ஆனா ஆக்கறது நீதான்."

தலையாட்டினேன். யாராவது எதையாவது சொன்னால் தலையாட்டிவிடுவதுதான் என் பழக்கம்.

உருகின இரும்பு பக்கத்தில் ஓடும்போது நடுங்காத கை, குக்கர் மூடியைத் தொட்டால் நடுங்கியது. ஆவி சீற ஆரம்பித்தால் கூடத்துக்கு வந்து நின்றுகொள்வேன். உப்பு போடப் பயம். குறைந்தால் அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று குறைத்தே போடுவேன். அப்புறம் போட மறந்துவிடுவேன். மனைவி ஒரு வாய் வைத்ததும் எழுந்து போய் உப்பு ஜாடியை எடுத்து வந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வாள். திட்டமாட்டாள். கொஞ்ச நாளில் ரசம் பிடிபட்டது. பிறகு வத்தக்குழம்பு. தோசை வட்டமாக வரவில்லை என்றாலும் பிய்யாமல் வந்தது. இரண்டு பேருக்குச் சமைத்துவிடலாம் என்ற தைரியம் வந்தது.

அப்போதுதான் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்தாள். அவளைக் கொடுத்திருப்பது ஊரப்பாக்கத்தில். பிரசவம் நல்லபடியாக ஆயிற்று. பெண் குழந்தை. மனைவி எடுத்திருந்த விடுப்பு குழந்தை பிறந்த கொஞ்ச நாளிலேயே தீர்ந்துவிட்டது. அதற்கு மேல் எடுத்தால் ஆளை மாற்றிவிடுவார்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் சமைத்துப் போடும் வேலையும் என் கைக்கு வந்தது.

மறுபடி வேலைக்குப் போவதற்கு முந்தின நாள் மனைவி என்னை அடுப்பங்கரையில் நிறுத்தி வைத்துச் சொன்னாள்.

"பச்ச ஒடம்பு. புளி, தயிர், கெழங்கு எதுவும் கூடாது. பூண்டு நெறைய போடு. மொளகுதான் காரம். எல்லாம் சுண்ட வெச்சு கெட்டியா குடு. தண்ணி மட்டும் சாப்பிடறப்ப ஒரு டம்ளர், வெந்நீரா. நடுவுல தாகம்னு கேட்டா ஒரு மடக்கு. அதுக்கு மேல குடுத்துடாத. வயிறு போட்டுடும், புண்ணும் ஆறாது."

"ஒரு மடக்கு" என்றேன்.

"இன்னா ஒரு மடக்கு?"

"இல்ல, ஞாபகம் வெச்சிக்கறேன்."

எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். என் அம்மா அப்படித்தான் இருந்தாளாம், மனைவியும் அப்படித்தான் இருந்தாள். அதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. எனக்கிருந்த பயமெல்லாம் மறந்துபோய்ப் புளியைப் போட்டுவிடுவேனோ என்பதுதான். புளி டப்பாவை எடுத்துப் பரண் மேல் வைத்துவிட்டேன்.

எங்கள் தெருவுக்குக் கோவளம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா ஸ்கூட்டியில் மீன் கொண்டு வருவாள். குழந்தை பிறந்த செய்தி அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

"இன்னாண்ணா, பேத்தி எப்டி கீது? பால் பத்துதா கொயந்தைக்கு?"

நான் மீனைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"தோடா, அண்ணனுக்கு வெக்கத்த பாரு! நான் இன்னா உனக்கா பால் சொரக்குதுன்னு கேட்டேன்? உன் பொண்ணுக்குத்தான கேட்டேன். பால்சுறா எட்த்தாந்துகீறேன். புட்டு பண்ணிக் குடு. நல்லா புழிஞ்சி எடு, தண்ணி தங்கக் கூடாது."

எதிர்வீட்டு அக்கா அங்கே நின்று சிரித்தாள். மீனை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடி வந்துவிட்டேன். மஞ்சள் போட்டு வேகவைத்து, தோலை உரித்து, உதிர்த்து, ஒரு சொட்டு இல்லாமல் பிழிந்து, பூண்டும் மிளகும் போட்டு வதக்கினேன். நன்றாகவே வந்தது. மகள் பாதி சாப்பிட்டுவிட்டு, விழுங்கக் கஷ்டமாக இருக்கிறது என்றாள். நான் சமைத்தது சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

குழந்தை தூங்கிக்கொண்டே இருந்தது. அழவே அழாது. சமத்துக் குழந்தை என்று பார்க்க வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். அந்த வாரம் மனைவி அரை நாள் அனுமதி வாங்கினாள். எடை பார்க்கக் குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். நான் வழக்கம்போல வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே நர்ஸ் பேசுவது கேட்டது.

"பொறந்தப்ப இருந்ததவிட ரொம்ப எறங்கியிருக்கும்மா. அழாம தூங்குதுன்னா சமத்துன்னு அர்த்தமில்ல, தெம்பு இல்லன்னு அர்த்தம். எழுப்பி எழுப்பி பால் குடுங்க. அம்மா நல்லா சாப்பிடணும். திங்கட்கிழமை கொண்டாங்க. அதுக்குள்ள இன்னும் எறங்கிச்சுன்னா குழந்தைய அட்மிஷன் போட்டுடுவோம்."

அம்மா நல்லா சாப்பிடணும். அந்த அம்மாவுக்குச் சமைத்துப் போடுகிறவன் நான்.

அன்று முதல் எனக்கு அடுப்பே கதி. இன்னும் பூண்டு போட்டேன். இன்னும் சுண்ட வைத்தேன். முருங்கைக்கீரையை ஈரமில்லாமல் பொரியல் செய்தேன். அடுப்பிலிருந்து ஓடி ஓடி வந்து அறை வாசலில் நின்று குழந்தையின் வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன். மகளிடம் ஒரு வார்த்தை கேட்கலாம், பால் வருகிறதா என்று. வாயைத் திறப்பேன். "சாப்பிட்டியாம்மா" என்றுதான் வரும். அவளும் என்னைப் போலத்தான். "சாப்ட்டேன்பா" என்பாள்.

இரண்டு நாள் கழித்து ஒரு மத்தியானம் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். அடுப்பங்கரை ஜன்னல் வழியாகப் பார்த்தால் துணி துவைக்கும் கல்லும் அதற்குப் பக்கத்தில் ஒரு குழாயும் தெரியும். போர் தண்ணீர் வரும் குழாய். வாயில் வைக்க முடியாத உப்பு. பாத்திரம் கழுவ, துணி அலச மட்டும்தான். குடிப்பதற்குக் கேன் தண்ணீர் வாங்குகிறோம்.

மகள் அந்தக் குழாய்க்கு முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளை பெற்ற உடம்போடு எப்படிக் குனிந்தாளோ. சத்தம் வராமல் குழாயைக் கொஞ்சமாகத் திறந்து, கையைக் குவித்துப் பிடித்துக் குடித்தாள். மறுபடி பிடித்தாள். மறுபடி குடித்தாள். முகத்தைக்கூடத் துடைக்காமல் சுவரைப் பிடித்து எழுந்தாள். அப்போது அவள் உதட்டைப் பார்த்தேன். வெளுத்து, வெடித்திருந்தது.

அந்த உதட்டை எனக்குத் தெரியும். உலையடியில் வெயில் காலத்தில் பார்த்திருக்கிறேன். மோர் குடிக்க நேரமில்லாமல் நின்றவன் உதடு அப்படித்தான் ஆகும். கொஞ்ச நேரத்தில் ஆள் சாய்ந்துவிடுவான். உடம்பில் தண்ணீர் இல்லாதவனுக்கு வேர்வைகூட வராது. அப்படியிருக்க இவளுக்குப் பால் எங்கிருந்து வரும்?

இப்படித் தோன்றியதும் தைரியம் வந்திருக்க வேண்டும். எனக்குப் பயம்தான் கூடிற்று. தண்ணீர் கொடுத்து அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? ஊரே ஒரு மாதிரி செய்கிறது, மீன்கார அம்மாவிலிருந்து ஊரப்பாக்கத்துச் சம்பந்தியம்மா வரை. ஐந்தாவது படித்த நான் வேறு மாதிரி செய்வதா? கொடுக்காவிட்டாலோ, அவள் மறுபடி அந்தக் குழாய்க்குத்தான் போவாள். மனைவிக்குப் போன் போட்டேன். எடுக்க மாட்டாள் என்று தெரிந்துதான் போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது.

கேன் தண்ணீரைப் பெரிய பாத்திரத்தில் கொதிக்க வைத்து, ஆற்றி, சொம்பில் ஊற்றிக்கொண்டு அறை வாசலில் நின்றேன். சொம்பை நீட்டினேன். மகள் என்னைப் பார்த்தாள், சொம்பைப் பார்த்தாள். வாங்கி, மூச்சு விடாமல் குடித்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"இன்னும் கீதாப்பா?"

அடுப்பங்கரைக்குத் திரும்பி வந்து பாத்திரத்தில் மீதி இருக்கிறதா என்று பார்த்தேன். பிறகு இன்னொரு சொம்பு கொண்டு போனேன். சாயங்காலம் அரிசி நொய்யில் பூண்டும் வெந்தயமும் போட்டுக் கஞ்சி வைத்தேன். டம்ளரில் ஊற்றிக் குடிக்கிற மாதிரி தண்ணியாக.

மனைவி வந்ததும் அறையில் சொம்பைப் பார்த்துவிட்டாள்.

"யார் குடிச்சது இத?"

"நான்தான் குடுத்தேன்."

"இன்னாய்யா பண்ணி வெச்சிகீற? எத்தினி வாட்டி சொன்னேன் உனக்கு! எங்கம்மா எனக்கு ஒரு டம்ளருக்கு மேல குடுத்ததில்ல. நான் இவள பெத்து வளக்கலையா?"

"அவ பின்னாடி கொழாய்ல குடிச்சா" என்றேன். "போர் தண்ணிய."

மனைவி கைப்பையைக் கீழே போட்டுவிட்டு மகளைப் பார்த்தாள்.

"ஏண்டி, தாகமா கீதுன்னு என்னாண்ட கேக்கக் கூடாதா?"

"கேட்டேனேம்மா. நீ ஒரு மடக்குதான்னு சொன்ன."

மனைவி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். கொடு என்றும் சொல்லவில்லை, கொடுக்காதே என்றும் சொல்லவில்லை. படுக்கப் போகும்போது மட்டும் என்னிடம் சொன்னாள்.

"திங்கக்கெழம கொயந்த எறங்கி கீதுன்னு சொல்லட்டும், அப்புறம் கீது உனக்கு."

அதன் பிறகு நான் சமைத்ததெல்லாம் பழி என் தலை மேல் என்று தெரிந்தே சமைத்தது. காலையில் கஞ்சி, மத்தியானம் மிளகு போட்ட மீன் குழம்பு தண்ணியாக, நடுவில் நடுவில் வெந்நீர். குழந்தை ஒரு தும்மல் போட்டால் என் கஞ்சிதான் காரணம் என்று தோன்றும். மகளுக்குத் தலை வலித்தால் என் தண்ணீர்தான். ஞாயிற்றுக்கிழமை மனைவி வீட்டில் இருந்தாள். நான் சொம்பை எடுத்துக்கொண்டு போகும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் தடுக்கவில்லை.

திங்கட்கிழமை மனைவி மறுபடி அரை நாள் அனுமதி வாங்கியிருந்தாள். மூன்று பேரும் குழந்தையோடு ஷேர் ஆட்டோவில் போனோம். இந்தத் தடவை மனைவி என்னைப் பெஞ்சில் உட்கார விடவில்லை.

"உள்ள வா. நீதான ஆக்கிப் போட்ட, நீயே கேட்டுக்க."

குழந்தையை மிஷின் தட்டில் படுக்க வைத்தார்கள். எண்கள் ஓடின. குழந்தை காலை உதைத்ததில் நிற்காமல் மாறிக்கொண்டே இருந்தன. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏறல" என்றாள் நர்ஸ்.

மனைவியின் கை என் முழங்கையைப் பிடித்தது.

"ஆனா எறங்கவும் இல்ல. அப்படியே நின்னிருக்கு. பரவால்ல, இப்ப அட்மிஷன் வேணாம். ரெண்டு நாள் கழிச்சு மறுபடி கொண்டாங்க, பாக்கலாம்."

மனைவி சண்டைக்குப் போகிற குரலில் கேட்டாள்.

"சிஸ்டர், பிள்ள பெத்தவளுக்கு இஷ்டத்துக்குத் தண்ணி குடுக்கலாமா? வயிறு போடாதா?"

"ஐயோ, தண்ணி குடுக்காமலா வெச்சிருந்தீங்க? தாகம் எடுக்குறப்பல்லாம் குடிக்கணும்மா அவங்க. வயித்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. யாரு உங்க வீட்ல சமைக்கறது?"

"எங்கப்பா" என்றாள் மகள்.

நர்ஸ் என்னைப் பார்த்தாள். நான் கதவைப் பார்த்தேன்.

திரும்பி வரும்போது ஆட்டோவில், ரெண்டு நாள் கழித்து ஏறியிருக்குமா, இல்லை மறுபடி இறங்கிவிடுமா என்பதையே நான் நினைத்துக்கொண்டு வந்தேன். எங்கள் தெரு முனையில் இறங்கியதும் மனைவி குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்.

"வெந்நீரா குடு. பச்சத் தண்ணி மட்டும் குடுத்த, அவ்ளோதான் நீ."

தலையாட்டினேன். வீட்டுக்குள் போனதும் சட்டையைக்கூடக் கழற்றாமல் நேராக அடுப்பங்கரைக்குப் போய், வீட்டிலிருந்த பெரிய பாத்திரத்தை நிறைத்து அடுப்பில் ஏற்றினேன்.