கோயில்காட்டில் இறங்கிய மின்னல்

பக்கத்து மனையில் சருகைக் கொளுத்தினார்கள். புகை வீட்டுக்குள் வந்ததும் எனக்கு மூச்சு முட்டியது. தெருவுக்கு வந்துவிட்டேன்.

சின்ன வயதில் கொட்டாம்பட்டிப் பக்கம் எங்கள் ஊர்க் கோயில்காட்டில், அம்மாவும் அத்தையும் ஆடு மேய்க்கும்போது நானும் கூட இருந்தேன். நல்ல கோடை. ஆடுகளை மேயவிட்டு, மரங்களுக்கு நடுவே ஒரு பெரிய பாறையில் உட்கார்ந்திருந்தோம். ஒரு சொட்டு மழையில்லாமல் வானம் இடித்துக்கொண்டிருந்தது. திடீரென்று ஒரு கிழட்டு இலுப்பை மரத்தில் மின்னல் இறங்கியது. காய்ந்த புல்லில் பற்றிய தீ நாங்கள் வந்த வழியை மறித்துவிட்டது.

அத்தை மேட்டைப் பார்த்து ஓடப் போனாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஓடாதீங்க மதினி. தீ நம்மளவிட வெரசா ஏறும். இந்தப் பாறையிலேயே இருப்போம்."

"ஆடு அம்புட்டும் போயிருமே."

"போகட்டும். புள்ள இருக்குல்ல."

மொட்டைப் பாறையின் நடுவில் குப்புறப் படுத்தோம். தூக்குவாளித் தண்ணீரில் முந்தானையை நனைத்து அம்மா என் முகத்தை மூடினாள். பாட்டன் பூட்டன் காலத்து மரங்கள் முறிந்து விழும் சத்தம் கேட்டது. ஆடுகள் கத்தின. கொஞ்ச நேரத்தில் அந்தக் கத்தல் நின்றுபோனது.

அப்பாவும் ஊர்க்காரர்களும் வேப்பங்கொப்பால் தீயை அடித்து அடித்து எங்களிடம் வந்து சேர்ந்தார்கள். அத்தை எழுந்து சுற்றிலும் பார்த்தாள். பாறையிலிருந்து ஊர் தெரிந்தது. அதுவரை அங்கிருந்து யாரும் ஊரைப் பார்த்ததில்லை. நடுவில் அவ்வளவு மரங்கள் இருந்தன.

இப்போது அங்கே சீமைக்கருவேலம்தான் நிற்கிறது. அத்தை இன்றைக்கும் வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைக்கிறாள். நானும் புகை அடங்கும்வரை வீட்டுக்குள் போகவில்லை.