பொழுதுபோக்கு: பேட்மிண்டன்

என் பயோடேட்டாவை நான் எழுதவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுதியவள் என் அக்கா. எனக்கு இருபத்தெட்டு வயது முடிந்த வாரத்தில், பொங்கோலில் இருக்கும் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு கையால் பிள்ளைக்குச் சோறு ஊட்டியபடியே மறு கையால் என்னைக் கல்யாணத்துக்குத் தயார் செய்தாள். உயரத்தில் ஒன்றரை அங்குலம் கூட்டினாள். "ஓரளவு சமைப்பார்" என்பதிலிருந்து "ஓரளவு" காணாமல் போனது. பொழுதுபோக்கு என்ற இடத்துக்கு வந்ததும் நிமிர்ந்து பார்த்தாள்.

"உனக்கு என்ன ஹாபி?"

"தூங்குறது."

"ஒழுங்கா சொல்லு லா."

ஒழுங்காகத்தான் யோசித்தேன். சனிக்கிழமை பதினொரு மணி வரை தூங்குவேன். எழுந்ததும் மற்றவர்கள் என்னென்ன சாப்பிட்டார்கள் என்று ஃபோனில் பார்ப்பேன். பிறகு நானும் சாப்பிடுவேன். இதில் எதையும் ஒரு மாப்பிள்ளை வீட்டுக்கு எழுதி அனுப்ப முடியாது என்பது எனக்கே புரிந்தது.

"எல்லாப் பொண்ணும் ரீடிங், மியூசிக்னு போடுது. நீ கொஞ்சம் ஸ்போர்ட்டியா இரு," என்று சொல்லிவிட்டு அக்கா பேட்மிண்டன் என்று தட்டினாள்.

"நான் ராக்கெட்டைத் தொட்டதுகூடக் கிடையாது."

"அதை யாரு செக் பண்ணப் போறா?"

செக் பண்ணினார்கள்.

சிராங்கூன் ரோட்டில் ஒரு சைவ உணவகத்தில், ஞாயிற்றுக்கிழமை மதியக் கூட்டத்துக்கு நடுவே, இரண்டு குடும்பமும் சந்தித்தோம். மாப்பிள்ளையிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. வங்கியில் மென்பொருள் வேலை, படிய வாரிய தலை, கேட்காமலே தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைக்கும் நல்ல குணம். பேசியதெல்லாம் அவருடைய அம்மாதான். ஆஸ்பத்திரியில் முப்பது வருடமாக நர்ஸ், வயது ஐம்பத்தேழு. கணவர் இறந்து பல வருடங்கள் ஆகியிருந்ததால் துணைக்குத் தன் தங்கையை அழைத்து வந்திருந்தார்.

"பேட்மிண்டன் விளையாடுவீங்களாமே?" என்று அவர் என்னைக் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் அம்மா முந்திக்கொண்டாள். "சின்னப் பிள்ளையிலேருந்து விளையாடுறா. மழை வெயில்னு பாக்க மாட்டா." பேட்மிண்டனைக் கூரைக்கு அடியில் ஆடுவார்கள் என்பது அம்மாவுக்குத் தெரியாது. அக்கா சாம்பார்க் கிண்ணத்துக்குள் எதையோ தீவிரமாகத் தேட ஆரம்பித்தாள்.

அந்த ஆன்ட்டியின் முகம் மலர்ந்துவிட்டது. "நாங்க சனிக்கிழமையானா நாலு மணிக்கு சமூக மன்றத்துல ஆடுவோம். நான், என் தங்கச்சி, மகன். நாலாவது ஆளு கெடைக்காம அல்லாடுறோம். இப்ப எனக்கு டியூட்டி டைட். மூணு வாரம் கழிச்சு வாங்களேன்."

முடியாது என்று சொல்லிவிட நினைத்தேன். ஆனால் என் வாய், "கண்டிப்பா ஆன்ட்டி," என்று சொல்லிக்கொண்டிருந்தது.

கை சுளுக்கிக்கொண்டது என்று சொல்லிவிடலாம் என்றாள் அக்கா. பொய் சொன்னது அவள், மாட்டப்போவது நான், இதில் இன்னொரு பொய் வேறா? எனக்கு ரோஷம் கொஞ்சம் அதிகம். மூன்று வாரத்தில் அந்த ஒரு வரியையாவது உண்மையாக்கிக் காட்டுகிறேன் என்று சவால் விட்டுவிட்டு, அத்தானின் பழைய மட்டையைத் தூக்கிக்கொண்டு தோ பாயோவில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்து விளையாட்டரங்கில் பெரியவர்களுக்கான ஆரம்ப வகுப்பு ஒன்று நடந்தது, வாரத்துக்கு இரண்டு முறை. சொல்லிக்கொடுத்த சீனப் பெண் என்னைவிட நாலைந்து வயது சின்னவள். ஏன் வந்தீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டாள். ஒருவர் டாக்டர் சொன்னார் என்றார். ஒருவர் தொப்பையைத் தட்டிக் காட்டினார். நான், "மேரேஜ்," என்றேன். "வாவ், சோ ரொமான்டிக்," என்றாள்.

மட்டையை நான் தோசைக் கரண்டி பிடிப்பதுபோல் பிடித்திருந்தேன். முதல் இருபது நிமிடம் ஷட்டிலும் மட்டையும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை. தலைக்கு மேலே வந்து, ஒரு கணம் நின்று, என்னை நன்றாகப் பார்த்துவிட்டு, மட்டைக்கு இந்தப் பக்கமாக இறங்கும் அந்தச் சனியன். "ரிஸ்ட் லா, ரிஸ்ட்!" என்று அந்தப் பெண் தன் மணிக்கட்டைச் சொடுக்கிக் காட்டிக்கொண்டே இருந்தாள். மறுநாள் காலையில் தலை வாரக்கூடக் கை எழும்பவில்லை. இருபத்தெட்டு வயதில் அம்மா எனக்குச் சடை பின்னிவிட்டாள்.

வகுப்பு இல்லாத நாட்களில் எங்கள் பதினோராவது மாடித் தாழ்வாரத்தில் பயிற்சி செய்தேன். பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்காவின் மிளகாய்ச் செடிக்குள் ஷட்டில் விழாத நாளே கிடையாது. ஒருநாள் கைப்பிடிச் சுவரைத் தாண்டி வெளியே போய்விட்டது. மாடியிலிருந்து ஒரு ஈர்க்குச்சி விழுந்தாலும் புகார் போகிற ஊர் இது. பதறியடித்துக்கொண்டு லிஃப்டில் இறங்கி ஓடினேன். நான் கீழே போன பிறகும் அது இறங்கிக்கொண்டுதான் இருந்தது என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன்.

இதில் எனக்கு வயிற்றெரிச்சல் என்னவென்றால், அம்மா. கொசு அடிக்கும் மின்மட்டையை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வருவாள். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு சொடுக்கு சொடுக்குவாள். படீர் என்று ஒரு சத்தம் கேட்கும். மூன்று வாரமாக வகுப்பில் என்னிடம் கெஞ்சிக் கேட்டும் வராத அதே மணிக்கட்டு அது.

சனிக்கிழமை வந்தது. சமூக மன்றத்தில் மாப்பிள்ளையும் அவருடைய சித்தியும் ஒரு பக்கம், ஆன்ட்டியும் நானும் எதிர்ப்பக்கம். முதல் சர்வீஸ் என்னுடையது. போய் இடதுபக்கக் கட்டத்தில் நின்றேன். ஆட்டம் தொடங்கும்போது வலதுபக்கக் கட்டத்திலிருந்துதான் சர்வீஸ் போட வேண்டும். இந்த விளையாட்டின் அரிச்சுவடியே அதுதான். வகுப்பில் நூறு முறை சொல்லியிருந்தார்கள், பயத்தில் எல்லாம் மறந்துபோயிற்று. வலைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். நான் திருதிருவென்று விழித்தேன்.

ஆன்ட்டி என் பக்கத்தில் வந்து, ஷூ கயிற்றைச் சரிசெய்வதுபோல் குனிந்தார்.

"எத்தனை கிளாஸ் போன?"

பொய் சொல்ல இனி ஒன்றுமில்லை. "ஆறு."

"பரவால்ல. ரெண்டுன்னு நெனச்சேன்."

"ஆன்ட்டி, அந்த பயோடேட்டா எங்க அக்கா..."

"சும்மா இரு. அவனுக்கு நல்லா சமைக்கத் தெரியும்னு நான் போட்டிருக்கேன். மீ நூடுல்ஸ் பாக்கெட்டைப் பிரிக்கத் தெரியாது அவனுக்கு. நீ நெட்கிட்ட நில்லு. தலைக்கு மேல போறது எதையும் தொடாத. அதெல்லாம் என்னுது."

நாங்கள் ஜெயித்தோம். எப்படி ஜெயித்தோம் என்பதைக் கொஞ்சம் அடக்கித்தான் சொல்ல வேண்டும். ஷட்டில் தரையைத் தொடுவதற்கு முன்பே ஆன்ட்டி "அவுட்!" என்று தீர்ப்பு எழுதிவிடுவார். "அக்கா, கோட்டு மேலதானே விழுந்துச்சு!" என்று சித்தி கத்துவார். "நர்ஸ் கண்ணு தப்பாது," என்று சொல்லிவிட்டு அடுத்த சர்வீஸுக்குப் போய்விடுவார். நானும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். அவ்வளவு பொய் சொல்லிவிட்டு வந்தவளுக்கு இது பெரிய பாவமாகத் தெரியவில்லை.

அப்புறம் ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை. காலை பதினொரு மணி வரை தூங்கியவள், எப்போது நாலு மணி ஆகும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மட்டையின் நடுவில் சரியாகப் பட்டால் 'டப்' என்று ஒரு சத்தம் வரும். அது வந்த நாளில் சந்தோஷமாக இருந்தது, வேலையில் சம்பளம் உயர்ந்தபோதுகூட அப்படி இருந்ததில்லை. ஆட்டம் முடிந்து நாங்கள் காப்பிக் கடைக்குப் போவோம். எலுமிச்சை ஜூஸை வைத்துக்கொண்டு நானும் ஆன்ட்டியும் எந்தப் பாயின்ட் யாரால் போனது என்று சண்டை போடுவோம். மாப்பிள்ளை ஃபோனைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவ்வப்போது எனக்கு டிஷ்யூ எடுத்துக் கொடுப்பார்.

"என்ன பேசினீங்க?" என்று வீட்டில் அம்மா ஆவலோடு கேட்பாள்.

"நெறைய பேசினோம்மா," என்பேன். யாரோடு என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இரண்டு மாதம் இப்படி ஓடியது. பிறகு ஒரே வாரத்தில் இரண்டு செய்திகள் வந்தன. சமூக மன்றத்தில் நடக்கப்போகும் பெண்கள் இரட்டையர் போட்டிக்கு எங்கள் இருவர் பெயரையும் கொடுத்துவிட்டதாக ஆன்ட்டி சொன்னார். நிச்சயத்துக்கு நாள் பார்க்க வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல் என்றாள் அம்மா.

சரி என்றால் ஆயுளுக்கும் ஒரு பார்ட்னர் கிடைப்பார், கூடவே ஒரு கணவர். வேண்டாம் என்றால் இரண்டு பேரும் போய்விடுவார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இரண்டு நாள் நான் இதை நிஜமாகவே யோசித்தேன். மாமியாருக்காகக் கழுத்தை நீட்டிய முதல் பெண்ணாக இருந்துவிட்டுப் போகிறேனே, என்ன கெட்டுவிட்டது? மூன்றாம் நாள் அந்த மனிதரின் முகம் நினைவுக்கு வந்தது. எட்டு சனிக்கிழமை எனக்கு எதிரே நின்றிருக்கிறார். அவர் எந்தக் கையில் மட்டை பிடிப்பார் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவரை ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை.

வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவரைத் தனியாகச் சந்தித்துச் சொன்னேன். அவர் பெரிதாக மூச்சு விட்டார்.

"நானும் அதான் யோசிச்சேன். ஆனா நான் வேணாம்னு சொன்னா, பார்ட்னரைத் தொரத்திட்டேன்னு அம்மா என்னைத்தான் வீட்டை விட்டு அனுப்புவாங்க. நீங்களே சொல்லிடுறீங்களா, ப்ளீஸ்?"

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அவரை எனக்குப் பிடித்தது அப்போதுதான்.

மறுநாள் ஆன்ட்டியின் டியூட்டி முடியும் நேரத்துக்கு ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றேன். நான் சொல்லச் சொல்ல அவர் கைப்பையின் வாரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

"என் மகனுக்கு என்ன கொறை?"

"ஒண்ணும் இல்ல ஆன்ட்டி. அவரோட பேச எனக்கு ஒண்ணுமே வரல. உங்களோடதான் வருது."

அதைச் சொன்னால் மகிழ்வார் என்று முட்டாள்தனமாக நினைத்திருந்தேன். அவர் முகம் இறுகியது. பெற்ற பிள்ளையை ஒருத்தி வேண்டாம் என்று சொன்ன பிறகு, உன்னைப் பிடித்திருக்கிறது என்றால் எந்த அம்மாவுக்கு இனிக்கும்?

"சரிங்க. பாத்துப் போங்க," என்றார்.

ஆறு வகுப்பு என்று நான் ஒப்புக்கொண்ட நாளிலிருந்து அவர் என்னை நீ என்றுதான் சொல்லியிருந்தார். அந்த 'ங்க' எனக்குத் தாங்கவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன். வீட்டில் அம்மா மூன்று நாள் பேசவில்லை. அக்கா மட்டும் ஃபோன் செய்து, அடுத்த பயோடேட்டாவில் நீச்சல் போடலாமா என்று கேட்டாள். அவளைத் திட்டிவிட்டு வைத்தேன்.

இரண்டு சனிக்கிழமைகள் போயின. நாலு மணிக்குப் பையைத் தயாராக வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருப்பேன். ஐந்தரைக்குப் பையை உள்ளே கொண்டுபோய் வைப்பேன். மூன்றாம் சனிக்கிழமை மதியம் ஒரு குறுஞ்செய்தி வந்தது. "போட்டிக்குப் பேரு குடுத்தாச்சு. வாபஸ் வாங்க முடியாது. நாலு மணிக்கு வாங்க."

மூன்றேகாலுக்கே போய்விட்டேன். நாலு மணிக்கு ஆன்ட்டியும் மகனும் வந்தார்கள், கூடவே புத்தம் புது ஷூவில் ஒரு பெண். சித்திக்கு முழங்கால் வலியாம்.

"இவங்க புக்கிட் பாத்தோக்கிலேருந்து வராங்க. நம்ம வீட்டுக்குப் பாத்திருக்கோம்," என்றார் ஆன்ட்டி என்னிடம். பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பி, என்னைக் காட்டி, "இவங்க என் பார்ட்னர்," என்றார்.

மகனும் அந்தப் பெண்ணும் எதிர்ப்பக்கம் போனார்கள். ஆன்ட்டி என்னைப் பார்க்காமலே மெல்லச் சொன்னார். "பாத்து அடிங்க. பொண்ணு பயந்துடப் போகுது. எனக்கு மருமகளா வரப்போறவ."

பார்த்துத்தான் அடித்தேன். பஞ்சு போல் தூக்கித் தூக்கிப் போட்டேன். அந்தப் பெண் மட்டையை வீசும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டாள். தப்பாக அடித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். மகன் அவளைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். அவர் இப்படியெல்லாம் சிரிப்பார் என்று எனக்குத் தெரியாது. எனக்குப் பொறாமையாக இருந்தது. அவருக்காக இல்லை. நாளைக்கு அந்தப் பெண் நன்றாக ஆடப் பழகிவிட்டால் இந்தப் பக்கம் அவள்தானே நிற்பாள், நான் யார் இந்த வீட்டுக்கு என்று நினைத்தேன்.

விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்து ஆட்டம் இருபதுக்குப் பத்தொன்பதில் வந்து நின்றது. எங்களுக்கு இன்னும் ஒரு பாயின்ட் போதும். அந்தப் பெண் தூக்கி அடித்த ஷட்டில் வலைக்கு மேலே நேராக என்னிடம் வந்தது. குழந்தைகூட அடித்துவிடும். வலைக்கு அந்தப் பக்கம் ஒரு எட்டு தூரத்தில் அவள் மட்டையால் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றாள். மருமகளா வரப்போறவ. நான் தயங்கினேன்.

பின்னாலிருந்து ஒரு அலறல் கேட்டது.

"என்னடி பாத்துக்கிட்டு நிக்கிற? அடி!"

ஓங்கி அடித்தேன்.