வளைகாப்புக்கு வந்த எட்டு வீட்டுப் பங்கு

"ஏட்டி, ஒனக்கு வேற சோலியே கிடையாதா? அடுத்தவ வீட்டு வளைகாப்புல என்ன காய் வந்துச்சுன்னு தெரிஞ்சு என்ன செய்யப் போற? கலெக்டருக்கா எழுதிப் போடப் போற?"

யார் கேட்டாலும் முதலில் இப்படித்தான் திட்டுவேன். திட்டி முடித்ததும் சொல்லிவிடுவேன். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு வாய்தானே சொத்து. அதைப் பூட்டி வைத்து என்ன ஆகப் போகிறது?

எண்பதுகளின் கடைசி. ராஜபாளையத்தில் பஞ்சு மில் வேலைக்காரர்கள் குடியிருக்கும் தெருவில் எங்கள் வீடு. ஒரு நாள் மம்சாபுரத்திலிருந்து ஒரு தோட்டக்காரர் சைக்கிளில் வந்தார். காய் விற்க வந்தவர் கையில் ஒரு காய் இல்லை. இன்னும் விதையே போடவில்லை என்றார். அதற்குள் பணம் கேட்டார்.

"கமிஷன் கடையில கொண்டு போட்டா வண்டிக் கூலிகூட மிஞ்ச மாட்டேங்குது யக்கா. நீங்க எட்டு வீடு சேந்து முன்கூட்டியே குடுத்துருங்க. தோட்டத்துல என்ன காய்க்குதோ, அதை எட்டுப் பங்கு வச்சு வாராவாரம் கொண்டாந்து தாரேன். நல்லாக் காய்ச்சா ஒங்களுக்கு லாபம். காய்க்கலைன்னா எல்லாருக்கும் சேத்துத்தான் நட்டம்."

"என்ன காய் வேணும்னு நாங்க சொல்லக் கூடாதா அண்ணாச்சி?"

"அதைச் செடிதான் சொல்லும்."

"பேரம்?"

"கிடையாது."

"கொசுறு கறிவேப்பிலையாவது உண்டா?"

"மரமே ஒங்களுதுன்னு வச்சுக்கோங்க."

பேரம் பேசாமல் காய் வாங்குவதா? சந்தைக்குப் போய் நாலு பேரிடம் சண்டை போட்டு வராத நாளில் எனக்குச் சோறே இறங்காது. ஆனாலும் சேர்ந்தோம். எட்டுப் பெண்கள் ஒன்றாகச் சேர்ந்து முன்பணம் போட்டால் எங்கள் தெருவில் அது சீட்டுத்தான். சீட்டு என்றால் எங்களுக்குத் தூக்கத்திலும் கை நீளும்.

அதனால் முதல் சனிக்கிழமை அவர் எட்டுப் பைகளை வரிசையாக வைத்ததும் நாங்கள் எட்டையும் ஒரே குவியலாகக் கொட்டினோம். எங்களில் பாதிப் பேருக்கு எழுதத் தெரியாது. ஆகவே ஒருத்தி புளியங்கொட்டை, ஒருத்தி சட்டைப் பொத்தான், ஒருத்தி பாக்கு என்று ஆளுக்கொரு அடையாளத்தைத் தூக்குச்சட்டியில் போட்டுக் குலுக்கினோம். யாருடையது வருகிறதோ, அந்த வாரம் மொத்தக் காயும் அவளுக்கு.

தோட்டக்காரர் தலையில் கை வைத்துவிட்டார்.

"யக்கா, என்ன செய்யுதிய? ஒரு வாரத்துக்குப் பொங்கித் திங்கக் கொண்டாந்த காய் இது! எட்டு வீட்டுக் காயை ஒத்த வீடு எப்படித் திங்கும்? அழுகிப் போகுமே!"

"சும்மா இருங்க அண்ணாச்சி. சீட்டுக் காசும்தான் ரெண்டு நாள்ல கரைஞ்சு போகுது. அதுக்காகச் சீட்டுப் பிடிக்காம இருக்கோமா?"

முதல் குலுக்கல் தெலுங்கு பேசும் பக்கத்து வீட்டுக்காரிக்கு விழுந்தது. அந்த வாரம் பெரும்பாலும் தக்காளி. அவள் வீட்டுக்காரர் மில்லில் சாப்பாட்டு வாளியைத் திறந்து பார்த்துவிட்டு "வத்து, வத்து" என்று கும்பிட்டாராம். வேண்டாம் என்று அர்த்தம். பாவம், அழுதாலும் தெலுங்கில்தான் அழுவார்.

நான் மட்டும் என் பாக்கைச் சட்டியில் போடாமல் தள்ளிவைத்துக்கொண்டே வந்தேன். எனக்கு ஒரு கணக்கு இருந்தது. மகளை ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவளுக்கு ஒன்பதாம் மாதம். வளைகாப்பு அவள் மாமியார் வீட்டில், சாப்பாடு எங்கள் பொறுப்பு. முடிந்ததும் பிள்ளைப்பேற்றுக்குப் பெண்ணைத் தாய் வீட்டுக்குக் கூட்டி வருவது முறை. ஆனால் சம்பந்தியம்மா பிடி கொடுக்கவில்லை.

"மில்லுத் தெருவுல பஞ்சுத் தூசியும் சங்குச் சத்தமுமா இருக்கும் மதினி. இங்கனயே பாத்துக்கிடலாம். எதுக்கும் வளைகாப்பு அன்னைக்குச் சொல்லுதேன்" என்றார்.

போன தடவை நான் பார்த்துவிட்டுக் கிளம்பியபோது, பஸ் ஸ்டாண்டில் என் மகள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பிடித்தபடி நின்றாள். கண்டக்டர் விசில் ஊதிய பிறகுதான் விட்டாள். அவளைக் கூட்டி வராமல் நான் திரும்பப் போவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன். சம்பந்தியம்மா வாயை அடைக்கிற மாதிரி ஒரு விருந்து போட வேண்டும். அந்த வாரச் சீட்டு எனக்கு என்று தெருவில் சொல்லி வைத்தேன். மம்சாபுரம் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கம்தானே. காயை நேராக அங்கேயே கொண்டுவரச் சொன்னேன்.

"கத்திரி, வெண்டை, அவரை, பூசணி எல்லாம் வரணும் அண்ணாச்சி."

"வரும்னுதான் நினைக்கேன் யக்கா."

'வரும்' என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது. சம்பந்தியம்மாவிடம், "எல்லாம் எங்க தோட்டத்துக் காய் மதினி" என்று அளந்துவிட்டேன்.

வளைகாப்பு அன்று விடிந்தும் விடியாமலும் மாட்டு வண்டி வந்து நின்றது. முற்றம் நிறையச் சொந்தக்காரர்கள். சம்பந்தியம்மா இடுப்பில் கை வைத்தபடி முன்னால் நின்றார். தோட்டக்காரர் இரண்டு மூட்டைகளை இறக்கினார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. நானே முந்திக்கொண்டு முதல் மூட்டையை அவிழ்த்தேன்.

பாகற்காய்.

இரண்டாவதை அவிழ்த்தேன். அதிலும் பாகற்காய்தான். ஒரு வெண்டைக்காய்கூட ஒளிந்திருக்கவில்லை.

"ராத்திரி மலையில இருந்து காட்டுப்பன்னி எறங்கிருச்சு யக்கா. செடி, கொடி, கிழங்கு அம்புட்டையும் உழுதுட்டுப் போயிருச்சு. பந்தல்ல கிடந்த இதுதான் மிச்சம். இதையும் மோந்து பாத்துட்டுத்தான் விட்டுருக்கு."

நல்ல காரியத்துக்கு எங்கள் பக்கம் யாரும் பாகற்காயை வாசலில்கூட ஏற்ற மாட்டார்கள். செத்தவர்களுக்குத் திதி கொடுக்கும் நாளில் ஆக்குகிற காய் அது.

"என்ன மதினி, எம் மருமகளுக்கு வளைகாப்பா, இல்ல திவசமா?" என்றார் சம்பந்தியம்மா.

பிறந்ததிலிருந்து மூடாத என் வாய் அன்றைக்கு மூடிக்கொண்டது. மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். போச்சு, பிள்ளையை விட மாட்டார்கள் என்று மட்டும் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது என் மகள் பட்டுச்சேலையும் பெரிய வயிறுமாக உள்ளேயிருந்து வந்தாள். குனிய முடியாமல் குனிந்தாள். மூட்டையிலிருந்து ஒரு காயை எடுத்து, கழுவக்கூட இல்லாமல், நறுக்கென்று கடித்தாள்.

"நான்தான் அத்தை கேட்டேன். ரொம்ப நாளா பாவக்காய்க்கு வாய் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. ஒங்ககிட்டச் சொல்லப் பயந்துக்கிட்டு அம்மைகிட்டச் சொல்லி விட்டேன்."

மறுபடி கடித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. "பாவம், எம்புட்டு நாள் அடக்கி வச்சிருந்தாளோ" என்று பெண்கள் உச்சுக்கொட்டினார்கள்.

"மாசமா இருக்கவ ஆசைப்பட்டதைக் குடுக்காட்டா பொறக்குத புள்ளைக்குக் காதுல சீழ் வடியும்ல" என்று மாப்பிள்ளையின் அப்பத்தா ஒரு போடு போட்டார்.

சம்பந்தியம்மா திணறிப் போனார். ஒரு பக்கம் பேரப்பிள்ளையின் காது, இன்னொரு பக்கம் அவருடைய அடுப்பு.

"வளையல் போட்ட வீட்டுல, புள்ள பொறக்குத வரைக்கும் எந்த அடுப்புலயும் பாவக்காய் ஏறாது."

"அப்ப இவ ஆசை?" என்றார் அப்பத்தா.

சம்பந்தியம்மா என் பக்கம் திரும்பினார்.

"மதினி, மூடையைக் கட்டுங்க. சாயங்காலம் இதையும் எடுத்துக்கிட்டு, இவளையும் கூட்டிட்டுப் போயிருங்க. ஒங்க வீட்டுல வச்சு ஆக்கிப் போடுங்க. புள்ளையப் பெத்துக்கிட்டு வரட்டும்."

என் வீட்டுக்காரர் சைக்கிளை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்கு ஓடினார். அவர் வாங்கி வந்த கத்திரிக்காயில் சாம்பார் வைத்தோம். நன்றாகத்தான் இருந்தது என்றார்கள். எனக்கு ருசி தெரியவில்லை.

சாயங்காலம் ராஜபாளையம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். ஊர் எல்லை தாண்டியதும் மகள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"எம்மா, பாவக்காய்ன்னாலே எனக்கு ஆகாதுன்னு ஒனக்குத் தெரியாதா?"

தெரியும். சின்னதிலே தட்டில் ஒரு துண்டு கண்டாலே எழுந்து ஓடுவாள். முற்றத்தில் உட்கார்ந்திருந்தபோது அது எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை. மூட்டை திறந்தபோது பட்ட அதிர்ச்சியைவிட இது பெரிதாக இருந்தது. அம்புட்டுக் கசப்பை, அத்தனை பேர் பார்க்க, பச்சையாக மென்று விழுங்கியிருக்கிறாள்.

"யார்ட்டட்டி படிச்ச இந்தப் பொய்யை?" என்றேன்.

அவள் என் தோளில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

தெரு முனையில் பஸ் நின்று இறங்கியதும் மற்ற ஏழு வீட்டுக்காரிகளும் சுற்றிக்கொண்டார்கள். விடவே மாட்டேன் என்ற சம்பந்தியம்மா எப்படி மனசு மாறினார் என்று கேட்டார்கள்.

"நான் வாயே தொறக்கலட்டி" என்றேன். "அவியளாத்தான் கூட்டிட்டுப் போங்கன்னாவ. தங்கமான மனசு. நாம எட்டு வீட்டுக் காயையும் கொண்டு போயி எறக்குனோமா, அதுல ஒத்தக் காயை மட்டும் எடுத்துக்கிட்டு, மிச்சம் பூராவையும் ஒங்களுக்குன்னே திருப்பிக் குடுத்து விட்டுட்டாவ. மூடை பஸ்ஸு மேல இருக்கு. ஓடிப் போயி எறக்கி, ஆளுக்கொரு பங்கா எடுத்துக்கோங்க. இன்னைக்குக் குலுக்கல்லாம் வேண்டாம்."