முட்டி போடுவதற்கான பயிற்சி

கணபதி ஏரியாவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் காலையில் நடக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. நடப்பதைவிட நடையைப் பற்றிப் பேசுவதுதான் அதிகம். சர்க்கரை ஏறிவிட்டது என்று டாக்டர் திட்டியதால்தான் நானும் போனேன்.

அங்கே ஓர் அம்மா வருவார். அறுபது வயதிருக்கும். நல்ல பருமன், கசங்கிய சேலை, காலில் இரண்டு சைஸ் பெரிய ஆம்பளை ஷூ. அவர் நடக்கவே மாட்டார். சிமெண்ட் பெஞ்சில் உட்காருவார், கையை ஊன்றாமல் எழுவார், மறுபடி உட்காருவார். எழும்போதெல்லாம் "மாதாவே" என்பார்.

"ஏனுங்கம்மா, இது என்ன எக்சர்சைஸ்?" என்று கடுப்பாகவே கேட்டேன்.

"பெரிய வெள்ளிக்கு சர்ச்சுல முட்டி போடோணுங்க கண்ணு. மூட்டு வலின்னு மூணு வருசமா சேர்லதான் உக்காரறேன்."

"சேர்ல உக்காந்து வேண்டுனா சாமிக்குக் கேக்காதுங்களா?"

"ஓட்டல்ல ஆர்டர் குடுக்கற மாதிரி இருக்குதுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது லேசில் வருவதில்லை.

பெரிய வெள்ளி முடிந்து மறுவாரம் வந்தார். முட்டி போட்டீங்களா என்றேன்.

"போட்டுட்டனுங்க. எந்திரிக்கத்தான் ரெண்டு பேர் தூக்கோணுமாப் போச்சு."

"வேண்டுனீங்களா?"

"அந்த வலியில என்ன வேண்ட வந்தேன்னே மறந்துபோட்டனுங்க. கிறிஸ்துமசுக்குள்ள யாரும் தூக்காம எந்திரிக்கப் பழகிக்கறேன், அப்பக் கேட்டுக்கலாம்."

சொல்லிவிட்டு மறுபடி பெஞ்சில் உட்கார்ந்து எழ ஆரம்பித்தார்.

நான் இப்போது நடப்பதை விட்டுவிட்டேன். சர்க்கரை அப்படியேதான் இருக்கிறது. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து கேட்க மனமில்லாமல் மூன்று வருடம் அவர் மனசில் வைத்திருந்த வேண்டுதல் என்னவாக இருக்கும் என்ற யோசனை மட்டும் விடவில்லை.