மேகம் எழுதாத ஒரு வரி

வீட்டில் அவளுக்கு மேகம் என்றுதான் பெயர். சின்ன வயதில் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்து விளக்குக் கம்பத்தில் முட்டிக்கொண்டவள். வளர்ந்து, பருவநிலை மாற்றத்தை ஆராயும் விஞ்ஞானி ஆகிவிட்டாள். ஆராய்ச்சி நிலையத்தின் நாலாவது மாடியில் ஓர் அறை, ஒரு கணினி. ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்து ஏசி பெட்டிகள். மேகத்தை ஆராய்கிறவளுக்கு அங்கே ஒரு முழம் வானம்கூடத் தெரியாது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சாயங்காலம் வீடு திரும்பினால், காலையில் குடித்துவிட்டு வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும்.

பேச்சுத் துணைக்கு அண்ணன் ஒருவர்தான். அவருக்கு வேறு ஊரில் டயர் கடை. போன மாதம் தாத்தா ஆனதிலிருந்து அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"என்ன மேகம், சத்தத்தையே காணோம்?" என்றார் போனில்.

"நல்ல சேதிண்ணா. என் கட்டுரை ஒண்ணை எழுநூறு பேருக்கு மேல மேற்கோள் காட்டியிருக்காங்க. ஆபீஸ்ல பாராட்டுக் கூட்டம் வைக்கிறாங்க."

"மேற்கோளா? அப்படின்னா?"

"அவங்க கட்டுரை எழுதுறப்போ, இதை இன்னார் சொல்லியிருக்காங்கன்னு என் பேரைப் போடுறது."

"அடேங்கப்பா! என் பேத்தி கொட்டாவி விடுற போட்டோவை ஊருக்கே அனுப்பினேன். பாதிப் பேர் திறந்துகூடப் பார்க்கலை. பார்த்தவனும் மூக்கு உங்க பக்கம் இல்லையேன்னுட்டுப் போயிட்டான்."

அவள் எழுதிக் குவித்ததில் பெரும்பாலானதை யாரும் சீண்டியதில்லை. இது ஒன்றுதான் ஓடியது. எங்கெங்கோ முகம் தெரியாத ஆட்கள் தன்னோடு சேர்ந்து யோசித்திருக்கிறார்கள் என்ற நினைப்பே அவளுக்குத் தெம்பாக இருந்தது. கூட்டத்தில் நன்றி சொல்லும்போது, தன்னை ஆழ்ந்து படித்தவர்கள் நாலு பேரையாவது பேர் சொல்லிச் சொல்ல ஆசைப்பட்டாள். அவர்கள் எழுதியதை ஒவ்வொன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

முதலாவதில், தாழ்வான மேகம் வருஷம் முழுக்க இரவைச் சூடாக்குகிறது என்று எழுதி அவள் பேரைப் போட்டிருந்தது. அவள் அப்படி எழுதவே இல்லை. வறண்ட மாதங்களில் மட்டும்தான் அப்படி, மழை மாதங்களுக்கு ஆதாரம் போதாது என்று எழுதியிருந்தாள். ஏதோ அவசரத்தில் படித்திருக்கிறார் என்று அடுத்ததைத் திறந்தாள். அதே வரி. அதற்கடுத்ததிலும் அதே. அது வெளிவந்த பத்திரிகையில் அவள் கட்டுரை தொடங்குவது நாற்பத்தொன்றாம் பக்கத்தில். எல்லாரும் தொடக்கப் பக்கம் நாற்பத்தேழு என்று போட்டிருந்தார்கள்.

அப்போதுதான் உறைத்தது. துறையில் பெரிய கை ஒருவர் முதலில் தப்பாக எழுதிவிட்டார். மற்றவர்கள் இவள் கட்டுரையைத் திறக்காமலே அவரைப் பார்த்து ஈயடிச்சான் காப்பி அடித்திருக்கிறார்கள், தப்பான பக்க எண் உட்பட.

இயக்குநரிடம் போனாள்.

"சார், இது நான் சொன்னதே இல்லை. கூட்டத்துல சொல்லிடுறேன். பத்திரிகைக்கும் விளக்கம் அனுப்பணும்."

"ஏம்மா, தேடி வர்ற நல்ல பேரை எட்டி உதைப்பாங்களா? எண்ணிக்கை எண்ணிக்கைதான். உள்ளே போய் யார் பார்க்கிறாங்க?"

"அதான் சார் என் கவலையும்."

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

கூட்டத்தில் சொல்லியே விட்டாள். என்ன எழுதினாள், என்ன எழுதவில்லை என்று புட்டுப் புட்டு வைத்தாள். முடித்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். யாராவது ஏதாவது கேட்பார்கள் என்று மைக்கை விடாமல் நின்றாள். பக்கத்து அறைக்காரர் மட்டும் வந்து கையைக் குலுக்கினார்.

"பிரமாதம் மேடம்! மேகம் வருஷம் முழுக்கச் சூடு பண்ணுதுன்னு அப்பவே கண்டுபிடிச்சிட்டீங்களே!"

அதற்குள் கேக் வந்துவிட்டது. கூட்டம் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது.

அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். பத்திரிகைக்கு விளக்கத்தை எழுதி அனுப்பினாள். பிறகு அண்ணனைக் கூப்பிட்டாள்.

"என்ன, கூட்டம் ஜோரா?"

"அண்ணா... நான் எழுதினதை ஒருத்தர்கூடப் படிக்கலைண்ணா." கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்தப் பக்கம் அண்ணன் போனை எங்கோ வைக்கும் சத்தம் கேட்டது.

"எனக்கு ஒரு மண்ணும் புரியாது. இருந்தாலும் படி, கேக்குறேன். போனை ஸ்பீக்கர்ல போட்டுட்டேன். பேத்தி என் நெஞ்சு மேல படுத்திருக்கா, எழுந்து ஓடக்கூட முடியாது."

அவளுக்குக் கண்ணீருக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. கட்டுரையை எடுத்து, அண்ணனுக்குப் புரிகிற மாதிரிச் சொல்லிச் சொல்லிப் படித்தாள். இரண்டாம் பக்கம் தாண்டவில்லை, குறட்டை கேட்டது.

"அண்ணா?"

வைத்துவிடலாம் என்று போனை எடுத்தபோது, குறட்டைக்கு இடையே குழந்தை சிணுங்கியது. இன்னொரு வரி படித்துப் பார்த்தாள். சிணுங்கல் நின்றது. நிறுத்தினாள், மறுபடி சிணுங்கியது.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு வரி விடாமல் படித்தாள். மழை மாதங்களைப் பற்றிய பகுதிக்கு வந்ததும் குரலைத் தணித்துக்கொண்டாள்.

"இதைப் பத்தி எனக்கு இன்னும் உறுதியாத் தெரியாதுடா கண்ணு."